வாக்கும் ஆசனமும்

உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகள் வானொலியில் வாசிக்கப்படும் இரவில், கேட்போர் பெரும்பாலும் ஒரு வினாவுக்கே விடை தேடுவர். எக்கட்சி வென்றது என்பதே அவ்வினா. ஆயின், இந்நாட்டில் இன்று வழங்கும் தேர்தல் முறையில் அதற்கு மூன்று விடைகள் கூறலாம். மிகுதியான வட்டாரங்களை வென்ற கட்சி ஒன்றாக இருக்கலாம். சபையில் அறுதிப் பெரும்பான்மை எக்கட்சிக்கும் இல்லாதிருக்கலாம். ஈற்றில் தவிசாளராக அமர்பவர் வேறொரு கூட்டின் ஆதரவைப் பெற்றவராக இருக்கலாம். இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பதை அறியாதார்க்குத் தேர்தல் முடிவு வெறும் எண்களின் வரிசையாகவே தோன்றும்.

மாத்தளை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சிச் சபைகள் உள்ளன. மாத்தளையும் தம்புள்ளையும் மாநகர சபைகள். மாத்தளை, தம்புள்ளை, கலேவெல, நாவுல, பள்ளேபொல, யட்டவத்தை, உக்குவளை, இரத்தோட்டை, அம்பன்கங்கை கோறளை, லக்கல பல்லேகம, வில்கமுவ என்னும் பதினொன்றும் பிரதேச சபைகள். கிராமத்துச் சிறு வீதி, தெருவிளக்கு, சந்தை, குப்பை அகற்றல், பொது நூலகம், மயானம், கட்டட அனுமதி ஆகியன இச்சபைகளின் பொறுப்பில் உள்ளன. மக்கள் நாள்தோறும் காணும் அரசாங்கம் இதுவே. ஒரு வீட்டின் முன்னுள்ள பாதை மழைக்காலத்திற் சேறாகுமா, கொங்கிறீற்று இடப்படுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாராளுமன்றமன்று, பிரதேச சபையே.

இத்துணை நெருக்கமான இவ்வரசாங்கத்தில் இம்மாவட்டத்து மக்கள் அனைவரும் தொடக்கத்திலேயே பங்கு பெற்றாரல்லர். மாநகர சபைகளுக்கான முதற் கட்டளைச் சட்டம் 1865இல் வந்தது. பழைய கிராமச் சபைகளுக்கு 1871இல் புதிய சட்ட வடிவம் அளிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளையை அடைந்து, கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தொழிலாளர் இவ்வேற்பாட்டின் புறத்தே நின்றனர். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபோது அவருள் பலர் அரசாங்க சபைக்கு வாக்களித்தனர். ஆயினும், 1937ஆம் ஆண்டுக் கிராமச் சங்கத் திருத்தச் சட்டம் தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமையினின்று விலக்கியது. நாட்டின் சட்டசபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யத் தகுதியுடையவர், தம் ஊர்ப் பாதையைக் குறித்துக் கருத்துக் கூறத் தகுதியற்றவராயினர். இது பெருங்கொதிப்பை எழுப்பியது. 1939இல் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் பாராளுமன்ற வாக்குரிமையையும் அவருட் பெரும்பாலோரிடமிருந்து பறித்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் இச்சிக்கலைப் படிப்படியாகத் தீர்த்தன. ஆகவே, இன்று இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ ஒரு தோட்டத் தொழிலாளி கையிற் பெறும் வாக்குச்சீட்டு எளிதில் வந்ததொன்றன்று. அது எவ்வாறு எண்ணப்படுகின்றது என்பதை அறிதல் அவருக்கு இன்றியமையாதது.

வாக்கை எண்ணும் முறைகளுள் மிக எளியது இங்கிலாந்தின் நகர்ப்பிரிவுகளில் வழங்குவதாகும். தமிழர் பலர் வாழும் ஈஸ்ற் ஹாம் அடங்கிய இலண்டன் நியூஹாம் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். அங்கு வட்டாரந்தோறும் கூடுதல் வாக்குப் பெற்ற வேட்பாளரே உறுப்பினராவர். வட்டாரத்திற்கு மூவர் தேவையெனின் வாக்காளர் மூவர்க்கும் வாக்களிக்கலாம். 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நியூஹாமின் 60 ஆசனங்களையும் தொழிற்கட்சியே பெற்றது. பிற கட்சிகளுக்கு வாக்களித்தோர் அங்கு ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஆயினும், சபையில் அவர்க்காகப் பேச ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரும் இலர். 2022இல் ஆசனங்கள் 66 ஆக்கப்பட்டபோது பசுமைக் கட்சி இரண்டைப் பெற்றது. இம்முறையில் வட்டாரத்திற்கு அறிந்த முகமான உறுப்பினர் கிடைப்பர் என்பது நன்மை; சிதறி வாழ்வோரின் குரல் மறைந்துபோகும் என்பது தீமை.

இலங்கையில் 1991 தொடக்கம் 2011 வரை விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் வழங்கின. அங்குக் குறை வேறாயிருந்தது. வாக்கின் விகிதத்திற்கேற்ப ஆசனம் கிடைத்தது. ஆயின் தம் ஊருக்குப் பொறுப்பான உறுப்பினர் யாரென மக்கள் அறிந்திலர். ஒரே கட்சி வேட்பாளர் விருப்பு வாக்குக்காகத் தம்முள் மோதினர். இவ்விரு முறைகளின் நன்மைகளையும் இணைக்கும் நோக்குடன், 2018 பெப்ரவரி 10ஆந் திகதித் தேர்தல் தொடக்கம் கலப்பு முறை நடைமுறைக்கு வந்தது. உறுப்பினருள் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் கட்சிப் பட்டியலிலிருந்தும் தெரிவாவர். வாக்காளர் இடுவது ஒரே ஒரு புள்ளடி. அஃது ஒரே வேளையில் இரு பணி ஆற்றுகின்றது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். ஒரு பிரதேச சபைக்கு 20 உறுப்பினர் என்க. அவருள் 12 பேர் வட்டாரங்களுக்குரியவர். 8 பேர் பட்டியலுக்குரியவர். செல்லுபடியான வாக்குகள் 20,000. இதனை 20ஆல் வகுக்க, ஓர் ஆசனத்தின் பெறுமதி 1,000 வாக்கு ஆகின்றது. முதற் கட்சி 9,000 வாக்குகளும் 9 வட்டாரங்களும் பெறுகின்றது. இரண்டாங் கட்சி 7,000 வாக்குகளும் 3 வட்டாரங்களும் பெறுகின்றது. மூன்றாங் கட்சி 4,000 வாக்குப் பெற்றும் ஒரு வட்டாரத்தையேனும் வெல்லவில்லை. முதற் கட்சிக்கு உரியன 9 ஆசனங்கள். அவற்றை வட்டாரங்களிலேயே பெற்றுவிட்டமையால் பட்டியலில் அதற்கு ஒன்றுமில்லை. இரண்டாங் கட்சிக்கு உரிய 7இல் 3 போக, 4 பட்டியலிலிருந்து வரும். மூன்றாங் கட்சிக்கு உரிய 4உம் பட்டியலிலிருந்தே வரும். ஆக 9, 7, 4 எனச் சபை அமையும்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, 12 வட்டாரங்களுள் 9ஐ வென்ற கட்சி, ஆட்சிக்கு வேண்டிய 11 ஆசனங்களைப் பெறவில்லை. தேர்தல் இரவில் வட்டார வெற்றிகளை மட்டும் கேட்டுப் பட்டாசு கொளுத்துவோர் மறுநாள் திகைப்பதன் காரணம் இதுவே. இரண்டாவது, ஒரு வட்டாரத்திலும் வெல்லாத மூன்றாங் கட்சி நான்கு குரல்களைப் பெறுகின்றது. பல வட்டாரங்களிற் சிதறி வாழும் தோட்ட மக்களுக்கும், நகர்ப்புறத்துத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கும் இதுவே பெரும் பாதுகாப்பு. ஒரு வட்டாரத்தில் முந்நூறு, வேறொன்றில் இருநூறு எனக் கிடக்கும் வாக்குகள் வீணாகாது சபை முழுமைக்கும் ஒன்றாகக் கூட்டப்படும். ஆயின், அவ்வாக்குகள் பல சுயேச்சைக் குழுக்களாகச் சிதறின், தனித்தனியே 1,000ஐ எட்டாத குழுக்கள் எஞ்சிய வாக்குகளின் வரிசையில் இடங்கிடைக்குமா எனக் காத்திருக்க நேரும்.

முதற் கட்சி 9,000 வாக்குடன் 10 வட்டாரங்களை வென்றால் யாது நிகழும்? வென்ற வட்டாரத்தை மீளப் பெற இயலாது. ஆகவே, சபையின் உறுப்பினர் தொகை 21 ஆக உயரும். இவ்வாறு மேலதிக உறுப்பினர் தோன்றுவதாலும், புதிய முறையே தொகையைப் பெருக்கியதாலும், முன்பு நாடு முழுவதும் ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் 2018இல் 8,000ஐயும் கடந்தனர். அவர்தம் கொடுப்பனவும் மக்கள் பணமே என்னும் கண்டனம் நியாயமானதே. மறுபுறத்தில், உறுப்பினருள் 25 வீதத்தினர் பெண்களாதல் வேண்டும் என்னும் விதியினால், முன்னர் 2 வீதமளவில் நின்ற பெண்களின் பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. பட்டியலிலிருந்து யார் சபைக்குச் செல்வர் என்பதைக் கட்சிச் செயலாளரே தீர்மானிப்பதால், வாக்களித்த ஊருக்கே அந்த ஆசனம் சென்று சேரும் என்பதற்கு மட்டும் உறுதியில்லை.

சபை அமைந்தபின் எழுவது தலைமைப் பிரச்சினை. ஒரு கட்சிக்கு உறுப்பினரில் அரைவாசிக்கு மேல் இருப்பின், அக்கட்சியே மேயரையோ தவிசாளரையோ நியமிக்கும். இல்லையேல் முதற் கூட்டத்தில் உறுப்பினர் வாக்களித்துத் தெரிவு செய்வர். 2025 மே 6ஆந் திகதித் தேர்தல் இதற்குத் தக்க சான்று. தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதும் 43.26 வீத வாக்குகளுடன், தேர்தல் நடந்த 339 சபைகளுள் 265இல் முதலிடம் பெற்றது. ஆயினும் அவற்றுட் பலவற்றில் அதற்கு அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 ஆசனங்களுள் 48ஐயே அது பெற்றிருந்தது. ஜூன் 16ஆந் திகதி நடந்த மேயர் தெரிவில் அதன் வேட்பாளர் 61 வாக்குகளும் எதிர்த்து நின்றவர் 54 வாக்குகளும் பெற்றனர். 48க்கும் 61க்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பியவர்கள் பிற கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் உறுப்பினர்களே. 2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் மாத்தளையின் ஐந்து ஆசனங்களுள் நான்கை வென்று, நாடளாவிய நிலையில் 61.56 வீதம் பெற்ற ஒரு கட்சி, ஆறு மாதத்திற்குள் 43 வீதத்திற்கு இறங்கியமை, ஊர்த் தேர்தலில் மக்கள் வேறு அளவுகோல் கொண்டும் நிறுக்கின்றனர் என்பதைக் காட்டுகின்றது.

அத்தேர்தலே காலந்தாழ்த்தி வந்ததென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2023 மார்ச் 9இல் நடைபெற வேண்டிய தேர்தல் நிதியின்மை கூறி நிறுத்தப்பட்டது. பழைய சபைகளின் காலம் அம்மாதமே முடிவுற்றது. அதன்பின் ஈராண்டுக்கு மேலாக, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவருமின்றி அலுவலரே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாய் நீர் வராவிடினும் தெருவிளக்கு எரியாவிடினும், வாக்குக் கேட்டு மீண்டும் வரவேண்டிய ஒருவரிடம் சென்று முறையிடும் வழி அக்காலத்தில் மக்களுக்கு இருக்கவில்லை.

தோட்ட மக்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் நெடுங்காலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பயிர்ச்செய்கைக் காணிகளின் மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. தோட்டத்தார் வாக்கும் அதற்கு உண்டு. ஆயின் லயன் வரிசைக்குச் செல்லும் பாதை தோட்ட நிருவாகத்தின் சொத்து எனக் கூறிச் சபை ஒதுங்கிக்கொள்ளலாம். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று அவ்விடையைக் கூறிச் சபை தப்பிக்க இயலாது.

எனவே, தேர்தல் முடிவை வாசிப்போர் ஆசன எண்ணிக்கையோடு நின்றுவிடல் ஆகாது. தம் வட்டார உறுப்பினர் யார், பட்டியலிலிருந்து வந்தவருள் தம் பகுதியினர் எவர், தவிசாளரை ஆதரித்தோர் யாவர் என்பவற்றைக் குறித்துவைத்தல் நன்று. சபை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றது. அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் செல்லலாம். எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ உள்ள ஒரு தோட்டப் பிரிவுக்கு அவ்வாண்டு எத்துணைப் பணம் ஒதுக்கப்பட்டது என்று, அத்திட்டம் வாசிக்கப்படும் நாளிற் சென்று கேட்போர்க்குச் சபை விடையளித்தே ஆதல் வேண்டும்.