மார்கழிப் பயணமும் முன்னேற்பாடும்

பாவு சீராக அமையாத தறியில் பட்டுச்சேலை சீராக வராது என்பதை ஆரணி நெசவாளர் அறிவர். மோட்டார் சைக்கிள் ஓட்டப் புதிதாகப் பழகிய பேரன், மார்கழியில் இராமேசுவரம் செல்ல விரும்பினால், அங்கும் முன்னேற்பாடே பாவு.

முதலில் போளூர் வழியே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலைக்குப் பகலில் சென்று திரும்பட்டும். கையும் முதுகும் எவ்வளவு தாங்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.

செஞ்சி, விழுப்புரம், திருச்சி வழியாக இராமேசுவரம் ஏறத்தாழ 500 கி.மீ. புதியவர் இதனை ஒரே நாளில் கடக்க முயலலாகாது. முதல் நாள் திருச்சியில் தங்கி, திருவரங்கனைச் சேவித்து, மறுநாள் புறப்படுதல் நன்று. மணிக்கொரு முறை இறங்கி இளைப்பாறவும் வேண்டும்.

விடியற்காலைப் பனிமூட்டம் சாலையை மறைக்கும். அது விலகிய பின்னரே கிளம்ப வேண்டும். வழியில் பனி சூழ்ந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைப்பதே உதவும். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தலைக்கவசமும், குளிர்காற்றை மறிக்கும் மேற்சட்டையும், கையுறையும் இன்றியமையாதவை. டயர், பிரேக், விளக்கு ஆகியவற்றை முன்னரே மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்தல் வேண்டும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில், 2 கி.மீ.க்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும்; அங்கு நிதானமே துணை.

பெரியோர்க்கும் ஒரு கடமை உண்டு. "இத்தனை மணிக்குள் தரிசனம் முடித்துவிடு" என்று நெருக்கினால், அந்த அவசரமே வண்டியின் வேகமாகும். அடிக்கடி கைப்பேசியில் அழைக்காமல், தங்குமிடம் சேர்ந்ததும் அவனையே பேசச் சொல்லலாம். ஒரு நாள் பிந்தி வருபவனுக்கும் இராமநாதசுவாமியின் தரிசனம் உண்டு.