பிரயாணம் முடிந்தது, பாடம் தொடங்கட்டும்



கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றுவிட்டு, டில்லி நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கட்டைப்பைகளில் முறுக்கும் புளியும் வடகமும் இருக்கின்றன. தகப்பனாருக்கு மறுநாள் காலையிலேயே வேலை. தாயாருக்குப் பூட்டிக் கிடந்த வீட்டைப் பெருக்க வேண்டும் என்ற கவலை. பிள்ளைகளின் முகத்தில் ஊர் வெயிலின் கறுப்பு, வாயிலே பாட்டி வீட்டுக் கதை. பள்ளிக்கூடப் பை மட்டும் மே மாதத்தில் வைத்த இடத்திலேயே கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

2025-ஆம் ஆண்டு டில்லி அரசுப் பள்ளிகளுக்கு மே 11 முதல் ஜூன் 30 வரை, 51 நாட்கள் விடுமுறை. அந்த விடுமுறையின் நடுவில், ஜூன் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா ஓடையின் அடைப்பை நீக்குவதற்காக டில்லி உயர் நீதிமன்றம் மே 9-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி இது நடந்தது. சுமார் 370 வீடுகள் அங்கே இருந்தன. முதலில் 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. அவர்களுக்குக் காட்டப்பட்ட இடமோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நரேலா. வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு வேலை ஓரிடம், வீடு வேறிடம் என்றாயிற்று. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குச் சென்று வந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வெகுதூரமாயிற்று.

பிரியமானவர்களே, திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருப்பது எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்று அந்தக் கோடை நமக்குக் காட்டியது. வேறொரு கேள்வியையும் அது எழுப்பியது. இடம் மாறினாலும், பிரயாணம் நீண்டாலும், பிள்ளைகளின் படிப்பை அறுந்துபோகாமல் காப்பது எது?

எஸ்றாவின் நீண்ட பிரயாணம்

வேதத்திலே ஒரு நீண்ட குடும்பப் பிரயாணம் உண்டு. எஸ்றாவும் அவனோடிருந்த குடும்பங்களும் முதலாம் மாதத்தில் பாபிலோனை விட்டுப் புறப்பட்டு, ஐந்தாம் மாதம் முதல் தேதியில் எருசலேமை அடைந்தார்கள் (எஸ்றா 7:9). ஏறத்தாழ நான்கு மாத வழி; பிள்ளைகளும் கூட இருந்தார்கள். வழியில் அகாவா நதியண்டையிலே கூட்டத்தைப் பார்வையிட்டபோது, லேவியர் ஒருவரும் இல்லை என்று எஸ்றா கண்டான். ஜனங்களுக்குப் போதிக்கிறவர்கள் வந்து சேருமட்டும் அவன் அங்கிருந்து புறப்படவில்லை.

எருசலேமுக்கு வந்து சேர்ந்தபின் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். மூன்று நாள் இளைப்பாறினார்கள். நான்காம் நாளிலே, கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் பணிமுட்டுகளையும் ஆலயத்தில் நிறுத்துப் பார்த்து, எடையை எழுதி வைத்தார்கள் (எஸ்றா 8:32-34). நம் வீடுகளுக்கும் இது நல்ல ஒழுங்கு.

1. இளைப்பாற விடுங்கள்

ரயிலை விட்டு இறங்கிய அன்றைக்கே, "புத்தகத்தை எடு" என்று அதட்டாதீர்கள். களைத்த உடலில் பாடம் ஏறாது. பள்ளி திறப்பதற்கு மூன்று நாளாவது முன்னதாக வந்து சேரும்படி பயணச்சீட்டை எடுங்கள். அந்த நாட்களில் உறங்கும் நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் சீர்ப்படுத்துங்கள். சீருடை பொருந்துகிறதா, காலணி கடிக்கிறதா என்று பாருங்கள். இதுவும் படிப்பின் ஆயத்தமே.

2. நிறுத்துப் பாருங்கள்

நான்காம் நாள் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுப் புத்தகத்தில் பத்து வரிகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வாய்ப்பாட்டைக் கேளுங்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் கணக்குக் கொடுங்கள். ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் ஐந்து வரிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறது என்று ஒரு தாளில் தேதியுடன் குறித்து வையுங்கள்.

திட்டுவதற்காக இப்படிச் செய்வதல்ல. வழியில் எது சிந்திற்று என்று அறிந்தால்தான் அதைத் திரும்பச் சேர்க்க முடியும். விடுமுறையில் வாசிப்பும் கணக்கும் சற்று மங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதே.

3. வந்த வழியையே பாடமாக்குங்கள்

சென்னையிலிருந்து புது டில்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதைச் சுமார் 33 மணி நேரத்தில் கடக்கிறது. ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? வகுக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய 66 என்று வரும். வழியில் விஜயவாடாவிலே கிருஷ்ணா, ராமகுண்டத்துக்கும் மஞ்சிரியாலுக்கும் இடையே கோதாவரி, இட்டார்சிக்கும் போபாலுக்கும் இடையே நர்மதை, மொரேனாவுக்கும் தவுல்பூருக்கும் இடையே சம்பல் என்று ஆறுகளைக் கடந்து வந்தீர்கள். இவற்றில் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் சேருவது எது என்று கேளுங்கள். நர்மதை என்று தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். நிலையப் பலகைகளில் தமிழ் முடிந்து தெலுங்கும், பிறகு இந்தியும் வந்ததை நினைவுபடுத்துங்கள். கண்ணால் கண்டது எளிதில் மறக்காது.

4. நீங்கள் முதலாவது உட்காருங்கள்

எஸ்றா தன் இருதயத்தில் தீர்மானித்தவை மூன்று: வேதத்தை ஆராய்வது, அதன்படி நடப்பது, பின்பு போதிப்பது (எஸ்றா 7:10). போதிப்பது கடைசியிலே வருகிறது! தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "படி, படி" என்று சொன்னால் பிள்ளை படிக்குமா? மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும். பிள்ளை வாசிக்கும்போது நீங்களும் எதையாவது வாசியுங்கள். "எனக்கு எழுத்துத் தெரியாதே" என்கிற தாயாரே, "இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளை அந்தப் பாடத்தை நன்றாய் அறிந்துகொள்ளும்.

தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நம் பிள்ளைகள் மூன்று மொழிகளைச் சுமக்கிறார்கள். பேசத் தெரிந்த தமிழை வாசிக்கவும் கற்றுக்கொடுக்க நம் வீடே நல்ல பள்ளி. குடும்ப ஜெபத்தில் வேதத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசியுங்கள்.

பள்ளியின் கதவு

இடம்பெயர்ந்த பெற்றோர் சிலவற்றை அறிந்திருப்பது அவசியம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஆண்டு தொடங்கிவிட்டது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ அவர்களுக்குச் சேர்க்கையை மறுக்கலாகாது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. ஆகவே, "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளிக்குச் செல்ல இயலாத நிலையில் வீட்டிலிருந்தே படிக்கிறவர்களுக்கு, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் அதன் மூலம் 10-ஆம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஆனால் வீட்டில் இருப்பதும் வீட்டில் படிப்பதும் ஒன்றல்ல. நேரமும் ஒழுங்கும் கூட இருந்து கேட்க ஒருவரும் இல்லாவிட்டால், அது வீட்டுப் பள்ளியல்ல, வெறும் விடுமுறையே.

சபைக்கு ஒரு வார்த்தை

மேய்ப்பர்களாகிய நாங்களும் எங்களையே சோதித்தறிய வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களை விசாரிக்கிறோம். திங்களன்று பள்ளிக்குப் போகாத பிள்ளையை விசாரிக்கிறோமா? வீடிழந்தவர்களுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறோம். அவர்கள் பிள்ளைகளின் புத்தகங்கள் என்னவாயின என்று கேட்டோமா? வாரநாட்களில் பூட்டியிருக்கும் ஜெபவீட்டில் மாலைதோறும் ஒரு விளக்கும் ஒரு பாயும் படித்த ஒரு வாலிபனும் இருந்தால், பத்துப் பிள்ளைகளின் ஆண்டு வீணாகாது.

அருமையான பெற்றோரே, செங்கல்லால் கட்டினதை இயந்திரம் ஒரே நாளில் இடித்துவிடும். பிள்ளையோடு தினந்தோறும் அரைமணி நேரம் உட்காருகிற பழக்கத்தை எந்த இயந்திரமும் இடிக்காது. அதை வாடகை அறைக்கும் நரேலாவுக்கும், ஊருக்கும்கூடக் கொண்டுபோகலாம். இன்று மாலையே கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பையை எடுங்கள். தூசியைத் தட்டுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் பிரயாணத்தைக் காத்த தேவன், பிள்ளைகளின் கல்வியாண்டையும் ஆசீர்வதிப்பாராக!