தேன் புளிக்காமல் இருக்க



தோப்பில் நாலு தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். பாடுபட்டு எடுத்த தேனை டின்னில் ஊற்றி வைக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மேலே நுரை, புளிப்பு வாடை! வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு, "தேன் புளிச்சுப் போச்சுங்க" என்று பாதி விலைக்குக் கேட்கிறார். இது எதனால் வருகிறது?

தேனில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இயற்கையாகவே உண்டு. கெட்டியான தேனில் அதனால் பெருக முடியாது. தண்ணீர்ச் சத்து கூடினால் பெருகி, சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். அந்த வாயுதான் நுரை. ஐரோப்பிய நாடுகளில் தேனில் வேண்டுமென்றே தண்ணீர் கலந்து, இதே முறையில் தேன் மது செய்கிறார்கள். மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளைத் திருமுருகாற்றுப்படையும் சொல்கிறது. ஆனால் இன்று தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம். நமக்கு வேண்டியது தேன், மது அல்ல.

தண்ணீர்ச் சத்து 17 சதவீதத்துக்குள் இருந்தால் தேன் புளிக்காது. 20-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் இந்தியத் தேனீயின் தேனில் பெரும்பாலும் 20-க்கு மேல்தான் இருக்கும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. அவசரப்பட்டுத் தேன் எடுக்காதீர்கள். தேன் முற்றிய பிறகுதான் தேனீ அறைகளை மெழுகால் மூடும். அடையில் முக்கால் பங்காவது மூடியிருக்க வேண்டும். அதுதான் பக்குவம்.

2. மழை நாளில் தேன் எடுக்க வேண்டாம். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாத்திரம், கருவி, கை எல்லாம் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

3. ஒரு லிட்டர் தேனை நிறுத்துப் பாருங்கள். 1,400 கிராமுக்குக் குறைந்தால் அது நீர்த்த தேன்.

4. நீர்த்த தேனை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள்; கருகிவிடும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் மரக்கட்டை போட்டு, அதன்மேல் தேன் பாத்திரத்தை வையுங்கள். தேனின் சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் அரைமணி நேரம் அதே சூட்டில் வைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். தெர்மாமீட்டர் அவசியம். சூடு மிஞ்சினால் நிறமும் மணமும் கெடும்.

5. சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறிய பிறகு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள்.

தேன் உறைந்தால் சிலர் "சர்க்கரை கலந்துட்டாங்க" என்பார்கள். அப்படியில்லை, நல்ல தேனும் உறையும். ஆனால் உறையும்போது மேலே நிற்கும் திரவத்தில் தண்ணீர் கூடி, புளிப்பு அங்கேதான் தொடங்கும். வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்கிவிடுங்கள்.

புளித்த தேனைத் தேனீக்களுக்குத் தீனியாக வைக்காதீர்கள். அவற்றுக்குக் கழிச்சல் காணும். புளிக்கத் தொடங்கிய தேனை இறுக மூடியும் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

பத்து நாள் பொறுத்து, மெழுகு மூடிய அடையை எடுங்கள். தேனுக்கு முழு விலை கிடைக்கும்.