எட்டில் ஒன்று பழையது!

ஆசிரியர், "40-ஆம் பக்கத்துக் கணக்கைப் போடுங்கள்" என்கிறார். எட்டு மாணவர்களில் ஏழு பேரிடம் புதிய பதிப்பு. ஒருவரிடம் மட்டும் பழைய பதிப்பு. என்ன நடக்கும்? எட்டாமவர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்! வகுப்பில் இது சிரிப்போடு முடிந்துவிடும். கணிப்பொறிகளிடையே இதே குழப்பம் நேர்ந்தபோது ஒரு நிறுவனமே ஆட்டங்கண்டது.

கணிப்பொறிக்குத் தரும் ஆணைத் தொடரை நிரல் என்கிறோம். அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனத்தில், பங்குகளை வாங்கி விற்கும் வேலையை எட்டுக் கணிப்பொறிகள் செய்துவந்தன. 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் தொடங்கவிருந்த ஒரு புதிய வணிக முறைக்காக, சில நாட்களுக்கு முன்பே அவற்றில் புதிய நிரலை ஏற்றினார்கள். ஏழில் ஏற்றியாயிற்று; எட்டாவது விடுபட்டுப் போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

புதிய வேலையைத் தொடங்குவதற்கு ஒரு குறி வைத்திருந்தார்கள். பழைய நிரலிலோ அதே குறிக்கு வேறு பொருள்! 2003-லேயே கைவிடப்பட்ட ஒரு வேலையை அது தொடங்கிவைக்கும். அந்த வேலைக்குரிய ஆணைகளை யாரும் நீக்கியிருக்கவில்லை. சந்தை திறந்ததும் எட்டாவது கணிப்பொறி அவற்றைச் செயற்படுத்தத் தொடங்கியது. கேட்ட அளவு பங்குகள் வாங்கியாயிற்றா என்று பார்த்து நிறுத்தவும் அதற்குத் தெரியவில்லை. விளைவு, வாடிக்கையாளர்களின் 212 வேண்டுகோள்களுக்காக 40 லட்சத்துக்கும் அதிகமான பேரங்கள்!

கோளாறு புதிய நிரலில்தான் என்று எண்ணிய பொறியாளர்கள், ஏழு கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். உடனே அவையும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின! சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது.

இத்தகைய விபத்தைத் தடுப்பது எப்படி? எந்தப் பொறியில் எந்தப் பதிப்பு உள்ளது என்ற பட்டியல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று பதிய வேண்டும். வேறொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். பதிவு செய்வதற்குக் கருவிகளும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' அவற்றுள் ஒன்று. நிரலின் ஒவ்வொரு நிலைக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு ஓர் அடையாள எண்ணை அது தருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆனால் எட்டாவது பொறியைப் போய்ப் பார்க்க வேண்டியவர் மனிதர்தான்.

ஆய்வகத்தில் தனி ஊசலின் நீளத்தை மாற்றிவிட்டு, குறிப்பேட்டில் எழுத மறந்ததுண்டா? அதன்பின் எடுத்த அலைவு நேரங்கள் எந்த நீளத்துக்குரியவை? நைட் கேபிடல் பொறியாளர்கள் அன்று காலை திகைத்து நின்றதும் இதே கேள்வியின் முன்தான்.