நெளிகோட்டின் மேல் ரெண்டே நிமிஷம்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அருகே, காலையும் மாலையும் பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை தாண்ட வைப்பது என் வேலை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு, கையில் வட்டப் பலகை மாட்டிய நீளக் கம்பு. நான் நிற்பது ஒரு ஜீப்ரா கிராசிங்கில். அந்தக் கறுப்பு வெள்ளை வரிகளின் மேலேயே வண்டியை நிறுத்துகிறவர்களை நான் பார்ப்பது அபூர்வம். என் வாக்குவாதமெல்லாம் அவற்றுக்கு முன்னும் பின்னும் நெளிந்து நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பற்றித்தான்.

பிரிட்டனில் இந்த நெளிகோடு போட்ட இடத்தில் வண்டியை நிறுத்துவதே குற்றம். பூட்டிவிட்டுப் போவது மட்டுமல்ல; ஆளை இறக்க, பார்சல் எடுக்க, போன் பேச, எதற்காகவும் நிற்கக் கூடாது. இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நேரம் குறித்த பலகை இதற்குக் கிடையாது. நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதே சட்டம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டைக்கும் இங்கே சலுகை இல்லை. நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு நிற்பதால் தப்பு சரியாகிவிடாது. விதிவிலக்காக, நடப்பவர்களுக்கு வழிவிடவும் விபத்தைத் தவிர்க்கவும் நிற்கலாம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வண்டிகள் தம் பணிக்காக நிற்கலாம்.

“அக்கா, ரெண்டே நிமிஷம். பிள்ளைய இறக்கிவிட்டுட்டு ஓடிடறேன்” என்பார்கள் நம் தம்பிகள். மற்ற மொழிக்காரர்களும் தத்தம் மொழியில் இதையேதான் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம், “தம்பி, கொஞ்சம் இறங்கி வாங்க. உங்க பிள்ளை உசரத்துக்குக் குனிஞ்சு ரோட்டைப் பாருங்க” என்றேன். அவருடைய வேன் கிராசிங்கை ஒட்டி நின்றது. நடைபாதை விளிம்பில் குந்தி உட்கார்ந்து வலப்பக்கம் பார்த்தார். தெரிந்ததெல்லாம் வேனின் பம்பரும் நம்பர் பிளேட்டும் முன்சக்கரமும்தான். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், வேனின் அகலத்தைத் தாண்டித் தலையை நீட்ட வேண்டும். தலை நீளுகிற அந்த இடம் வண்டி ஓடுகிற தடம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வண்டியை எடுத்தார்.

பிள்ளைக்குக் கார் தெரியவில்லை என்றால் காரோட்டிக்கும் பிள்ளை தெரியவில்லை என்றுதான் பொருள். மணிக்கு 20 மைல் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுதாக நிற்பதற்குள் 12 மீட்டர் ஓடிவிடும் என்கிறது இந்த நாட்டுச் சாலை விதிநூல். 30 மைல் வேகமென்றால் 23 மீட்டர். நெளிகோட்டில் வழக்கமாக எட்டு நெளிவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மீட்டர். அத்தனை தூரத்தையும் வெறுமையாக வைத்திருப்பது, இருவரும் ஒருவரையொருவர் நேரத்தோடு பார்த்துக்கொள்ளத்தான். ஒரே ஒரு வேன் போதும், அந்தப் பார்வையை அடைக்க. கிராசிங்கைத் தாண்டிய பிறகு நிற்கலாமே என்றும் கேட்கிறார்கள். அங்கே நின்றால், எதிர்த்தடத்தில் வரும் வண்டியை அது பிள்ளையின் கண்ணிலிருந்து மறைக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் கோடு.

முந்திச் செல்வதற்கான தடையும் இதே காரணத்தால் வந்ததுதான். நெளிகோட்டுப் பகுதிக்குள், கிராசிங்கை நெருங்கும் முதல் வண்டியையும், வழிவிட்டு நிற்கும் வண்டியையும் முந்தக் கூடாது. நான் மிகவும் அஞ்சுவது இதற்கே. பஸ் நிற்கிறது, பிள்ளை நம்பிக் காலை எடுத்து வைக்கிறது, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. பஸ்ஸின் முனைக்கு வந்ததும் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கிராசிங்கின் இரு முனையிலும் கம்பத்தின் மேல் மினுக்கும் ஆரஞ்சு உருண்டைகள் 1934-இல் வந்தவை. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷாவின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. தரையில் வரிகள் வந்தது 1951-இல். நெளிகோடு 1971-இல்தான் வந்தது. வரிகளைச் சுற்றியும் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டமாக இன்னொரு இருபது ஆண்டு பிடித்திருக்கிறது. 2022 ஜனவரி 29 முதல் விதிநூல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது: கிராசிங்கில் இறங்கிவிட்டவருக்கு மட்டுமல்ல, கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும். நிறுத்தியிருக்கும் வேன் காத்து நிற்பவரை மறைத்தால் யார் வழிவிடுவார்கள்?

போலீஸ் பிடித்தால் 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 புள்ளி. லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர்கள் 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸை இழப்பார்கள். அவர்களுக்கு அந்த ரெண்டு நிமிஷம் பாதித் தூரம். லண்டனில் உள்ளாட்சிக்காரர்களும் சீட்டு எழுதலாம். அதில் பணம் மட்டும் போகும். பள்ளி வாசலில் இருக்கும் மஞ்சள் நெளிகோடு வேறு. அதற்குப் பெரும்பாலும் நேரம் எழுதிய பலகை இருக்கும்.

வண்டியில்தான் வர முடியும் என்கிற பெற்றோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஐந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். அனுமதி உள்ள பக்கத்துத் தெருவில் நிறுத்தி, பிள்ளையை நடைபாதைப் பக்கக் கதவு வழியாக இறக்குங்கள். கையைப் பிடித்து கிராசிங் வரை நடத்திக் கூட்டி வாருங்கள்.