அமாவாசைக் கூட்டமும் அம்மாவின் மாத்திரையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

மேல்மலையனூர் என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு நினைவில் எழுவது அமாவாசை இரவாகத்தான் இருக்கும். செஞ்சிக்கு வடமேற்கே உள்ள இவ்வூர் மற்ற நாள்களில் ஒரு சாதாரணத் தாலுகா ஊர். அமாவாசையன்றோ சென்னை, வேலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி என எல்லாத் திக்கிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து சேர்கின்றன. அங்காளபரமேஸ்வரியின் ஊஞ்சல் உற்சவம் காண நள்ளிரவில் மனிதக் கடல் திரள்கிறது. மாசி மாத மயானக் கொள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

சிவபெருமான் கையில் ஒட்டிக்கொண்ட பிரமகபாலம் நீங்கி அவர் பித்துத் தெளிந்த இடம் இது என்பது தலபுராணம். ஆகவே சித்தம் கலங்கியோரை இங்கு அழைத்துவரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இதில் ஒரு முரண் இருப்பதைக் கவனித்தீர்களா? கூட்டத்தையும் இரைச்சலையும் எவர் மனம் எளிதில் தாங்காதோ, அவரே இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய கூட்டத்திற்கு நடுவே வந்து நிற்கிறார். அவர் அதை எவ்வாறு சமாளிப்பது? இதுவே என் கட்டுரைப் பொருள். பக்தியா பகுத்தறிவா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று.

என் தாயார் ஆறு ஆண்டுகளாக இருதுருவ மனநோய்க்கு மருந்து உண்டு வருகிறார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. எம் பேர மட்டும் போட்டுடாத" என்றார். சில காலம் அளவு மீறிய உற்சாகம், உறக்கமின்மை, ஓயாத பேச்சு. சில காலம் எழுந்திருக்கவும் மனமில்லாத சோர்வு. இரண்டுக்கும் இடையே முற்றிலும் இயல்பான மாதங்கள். இதுவே அந்நோயின் இயல்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்வதும் என் வேலையே.

முதலில் கூட்டத்தின் இயல்பைக் காண்போம். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நின்றால் நம் கால்கள் நம் வசம் இருக்கும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டாலோ கூட்டம் நீர்மத்தைப் போல அலையடிக்கத் தொடங்குகிறது. அப்போது தனி மனிதர் விருப்பம் செல்லாது. 1992-இல் கும்பகோணம் மகாமகத்தில் பலர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அத்தகைய நெருக்கத்தில் சிக்கினால் இரு கைகளையும் மார்புக்கு முன்னே மடித்து மூச்சுக்கு இடம் விட்டுக்கொள்ள வேண்டும். எதிர்த்து முட்டாமல், அலை ஓயும் நேரம் பார்த்துச் சாய்வாக ஓரத்திற்கு நகர வேண்டும். கீழே விழுந்த செருப்பைக் குனிந்து எடுக்கக் கூடாது; செருப்பு போனால் போகட்டும்.

உடலுக்குள் நிகழ்வது வேறு கதை. நெருக்கத்தை மூளை ஆபத்து என்று கொண்டுவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமூச்சால் இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைய, விரல்கள் மதமதக்கின்றன, தலை சுற்றுகிறது. செத்துவிடுவோம் என்ற அச்சம் எழுகிறது. இதைப் பீதித் தாக்கு என்பர். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானே தணியும். உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால் விரைவில் தணியும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுதல் போதும்.

துணைப்பாடமாக இயற்பியல் படிப்பவர்க்கு இன்னொரு செய்தி. திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து தூரம் இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒன்றாகிறது. பம்பையும் உடுக்கையும் ஒலிபெருக்கியில் முழங்கும்போது பெட்டியிலிருந்து பத்தடியில் நிற்காமல் நாற்பதடியில் நின்றால் பதினாறில் ஒரு பங்கு! தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் வரும் இந்த விதி எங்களுக்கு மாதந்தோறும் பயன்படுகிறது.

இனி வேதியியலுக்கு வருவோம். என் தாயார் உண்பது லித்தியம் கார்பனேட். மனவெழுச்சியைத் தணிக்க அது உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். தனிம வரிசை அட்டவணையில் லித்தியம் சோடியத்திற்கு நேர் மேலே, அதே தொகுதியில் இருப்பதை நாம் அறிவோம். சிறுநீரகமும் அவ்விரண்டையும் ஏறக்குறைய உடன்பிறந்தவையாகவே நடத்துகிறது. வியர்வையால் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் சிறுநீரகம், லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும்.

அமாவாசை நாளை எண்ணிப் பாருங்கள். காலை முதல் பட்டினி விரதம். வெயிலில் பேருந்துப் பயணம். கூட்டத்தில் வழியும் வியர்வை. "கழிப்பறைக்கு எங்கே போவது" என்ற கவலையில் தண்ணீர் குடிக்காதிருத்தல் (இது பெண்கள் மட்டுமே அறிந்த கணக்கு). நடந்த கால்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் லித்தியத்தின் அளவை உயர்த்துபவையே. எல்லாம் ஒரே திசையில் தள்ளுகின்றன. நஞ்சு ஏறியதன் அறிகுறிகள் எவை? வாந்தி, வயிற்றுப்போக்கு, கை கால் உதறல், தள்ளாட்டம், நாக்குழறல். ஊஞ்சல் மண்டபத்தின் எதிரே ஒரு பெண் இப்படி உதறித் தள்ளாடினால் சுற்றியிருப்போர் என்ன நினைப்பர்? "ஆத்தா வந்துட்டா" என்று கற்பூரம் ஏற்றுவார்களே தவிர, 108-ஐ அழைக்க எவருக்கும் தோன்றாது. என் அச்சம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

சாமியாடுவோர் எல்லாரும் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. மேளத்தில் ஆடி, தீர்த்தம் தெளித்ததும் தெளிந்து, மறுநாள் களை எடுக்கப் போகிறவரை மருத்துவ நூல்களும் நோயாளி என்பதில்லை. ஆனால் வாந்தியோடு வரும் உதறல் சாமியாட்டம் அன்று.

அடுத்தது உறக்கம். இருதுருவ நோயுள்ளோர்க்கு ஓரிரவு கண்விழிப்பே மனவெழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். இதனால் "கோயிலுக்கே போகாதே" என்று தடுத்துவிடலாமா? நாங்கள் அப்படிச் சொன்னபோது, "மாத்தர போட்டா ஆத்தாவப் பாக்கக் கூடாதுன்னு எந்த டாக்டரு சொன்னாரு?" என்று அம்மா கேட்டார். மருத்துவரிடமே கேட்டோம். "போங்கம்மா, மாத்திரையும் கூட வரட்டும்" என்றார் அவர். அவர் சொன்னபடி எங்கள் ஏற்பாடு இதுதான்: பட்டினிக்குப் பதில் பழமும் மோரும், வழக்கமான அளவு உப்பும் தண்ணீரும். பகலில் மூன்று மணி நேர உறக்கம். மாத்திரை வழக்கமான நேரத்தில். தண்ணீர்ப் புட்டியும் மருந்துச் சீட்டின் நகலும் அப்பாவின் மஞ்சள் பையில். மண்டபத்திற்கு நேரே போகாமல், வெளியேறும் வழி தெரியும் ஓரத்தில் நிற்பது. அம்மா என் மணிக்கட்டை இருமுறை அழுத்தினால், ஏன் எதற்கு என்று கேளாமல் வெளியேறுவது. எல்லா அமாவாசைக்கும் போவதில்லை. சில மாதங்களில் ஒரு சாதாரண நாள் காலையில் போய் நிம்மதியாகக் கும்பிட்டு வருகிறோம். அம்மன் அன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

கூட்டத்தில் தொலைந்துவிடுவாரோ என்ற பயத்தில் நோயாளியின் கையைக் கட்டிவைக்கச் சிலருக்குத் தோன்றலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர்; இறந்தோர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது.

கோயிலால் நன்மையே இல்லையா என்று கேட்பவர்க்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. நள்ளிரவு நெரிசலில் அச்சூழல் கிட்டுமா என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

2016-இல் இலண்டன் காட்விக் விமான நிலையத்தில் ஒரு நல்ல வழக்கம் பிறந்தது. வெளியே தெரியாத நோயோ குறைபாடோ உள்ளவர் சூரியகாந்திப் படமிட்ட பட்டையைக் கழுத்தில் அணிந்துகொள்வார். அதைக் கண்ட ஊழியர் காரணம் கேளாமல் உதவுவர். இன்று பல நாடுகளின் விமான நிலையங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் இது பரவியுள்ளது. நம் திருவிழாக்களில் காவலரும் தொண்டரும் நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும், இரைச்சல் எட்டாத மூலையில் ஒரு பந்தலும் நான்கு பாயும் பெரிய செலவல்லவே? 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அவ்வெண்ணைப் பேருந்து நிலையத்தில் எழுதி வைத்தாலே பலருக்கு உதவும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம் கவனம் வேண்டும். உறக்கம் குறைந்தும் களைப்புத் தெரியாமை, பேச்சு வேகம், புதுப்புதுத் திட்டங்கள் ஆகியவை முன்னறிவிப்புகள். அம்மா உறங்கிய மணிக்கணக்கை அப்பா நாட்காட்டியில் கோடு போட்டுக் குறிக்கிறார். எழுதத் தெரியாதவர் எனினும் இந்தக் கணக்கில் அவர் தவறுவதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து ஐந்து கோட்டுக்குக் குறைந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறிவிடுகிறோம்.