நெட் எங்கே நிற்கிறது?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் எடுத்த எடுப்பில் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடுவதில்லை. மாடி ஏறி டேங்கைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்கிறோம். நெட் வரவில்லை என்றால் மட்டும் இருக்கிற வயரையெல்லாம் பிடுங்கி மாட்டத் தொடங்கிவிடுகிறோம். இதற்கும் அதே வழிதான்: எதுவரை வருகிறது, எங்கே நின்றது என்று தேட வேண்டும்.

முதலில் வீட்டு வைஃபையில் உங்கள் போனுக்கு நெட் வருகிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்குமுன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, "போன்ல நல்லாத்தானே வருது" என்று கம்ப்யூட்டரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

போனிலும் வரவில்லையா? கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரவேண்டிய ஒளியே பெட்டிக்கு வரவில்லை. அந்தக் கேபிளுக்குள் இருப்பது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. மேசைக்குப் பின்னால் மடிந்து நசுங்கினாலே ஒளி கசிந்துவிடும். மடிப்பு இருந்தால் நிமிர்த்திவிடுங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மடிப்பு எதுவும் இல்லையென்றால் தெருவில் எங்கோ அறுந்திருக்கும். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. புகார் சொல்லும்போது "நெட் வரல" என்பதைவிட "எல்.ஓ.எஸ். சிவப்பு எரியுது" என்று சொன்னால் ஆள் கருவியோடு வருவார். விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் நெட் வரவில்லையென்றால், கூச்சப்படாமல் இந்த மாதப் பணம் கட்டியாயிற்றா என்று பாருங்கள்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கொட்டுகிற வரிகளில் ஐபிவி4 முகவரி என்ற ஒன்று போதும். பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். ரூட்டர் கொடுத்த எண் அது. 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் கேட்டுப் பார்த்து, ரூட்டர் வாய் திறக்காததால் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் முனையின் கிளிப் உடைந்து ஆடிக்கொண்டிருக்கலாம், ரூட்டர் திணறியிருக்கலாம். ரூட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடும் வைத்தியம் பலிப்பது இந்த இடத்தில்தான்.

எண் சரியாக இருந்தால் அடுத்தது 'பிங்'. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்து 1983-இல் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் இட்ட பெயர். அதே திரையில் டிஃபால்ட் கேட்வே என்று இருக்கும் எண்தான் ரூட்டர். அதற்கு ஒரு பிங், பிறகு கூகுளின் 8.8.8.8-க்கு ஒன்று. ரூட்டர் பதில் சொல்கிறதா, வெளியுலகம் பதில் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு கண்ணி உண்டு: 'ரிப்ளை' என்று வரி தொடங்கினாலே மகிழ்ந்துவிடாதீர்கள். வரியின் கடைசியில் 'அன்ரீச்சபிள்' என்றிருந்தால், வழி இல்லை என்று கைவிரிக்கும் பதில் அது.

8.8.8.8 ஒழுங்காகப் பதில் தந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் படுத்திருக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் அதே 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஏமாற்றும் ஒன்றை அக்கா வீட்டில் பார்த்தேன். "மூணு தடவை ஆளு வந்து, லைன் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாருடா தம்பி" என்றாள். பிங் போகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மறிக்கிறது. திரையின் ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்: 2015, ஜனவரி 1. ஆறு மாதம் துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டர். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, தேதி ஆரம்பத்துக்கே போய்விட்டது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2015-இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. மறுநாள் கடைத்தெருவில் சி.ஆர். 2032 பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினேன்.